சந்தேகத்தின் பேரில் மருந்து

குற்றம் ருசுவாகாமல் எவரையும் தண்டிக்கலாகாது என்பது நியாய ஸ்தலத்தின் விதி. நோய் ருசுவாகாமல் ஒரு குழந்தையின் உடலில் கடுமையான மருந்தை ஏற்றலாமா என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட கேள்வி. இருமலுக்குக் கஷாயம் கொடுப்பதைப் பற்றி நாம் பேச வரவில்லை. இரத்தப் புற்றுநோயால் வருந்தும் குழந்தைக்கு, உள்ளுறுப்புகளில் பூஞ்சணம் புகுந்திருக்கலாம் என்ற சந்தேகத்தின் பேரில் மட்டும், சிறுநீரகத்தைக் கெடுக்கவல்ல மருந்தை நாட்கணக்கில் ஏற்றுகிறார்களே, அதைப் பற்றிப் பேசுகிறோம்.

இது பண்டிதர்கள் பொழுதுபோக்காக எழுப்பும் கேள்வியன்று. தோட்டங்களில் கிராணி வேலை பார்க்கும் நம்மைப் போன்றோரிடம், ஆஸ்பத்திரியில் கொடுத்த பத்திரங்களை எடுத்துக்கொண்டு தாய்தந்தையர் வருவதுண்டு. வாசித்துச் சொன்னால் போதுமென்று வருகிறவர்கள், வாசித்து முடித்தபின் வேறொன்றைக் கேட்பார்கள். “என்ன நோயென்று அவர்களுக்கே இன்னும் தெரியவில்லையாம், கிராணி ஐயா. தெரியாமலே மருந்து ஏற்றுவதற்கு என்னிடம் சம்மதம் கேட்டால் நான் என்ன சொல்வது?” என்பார்கள். லயத்தில் அக்கம்பக்கத்தாரோ, “பிள்ளையை வைத்துப் பரீட்சை பார்க்கிறார்கள்; பேசாமல் வீட்டுக்குத் தூக்கி வந்துவிடு” என்று யோசனை கூறுவார்கள். அந்த யோசனையைக் கேட்டுப் பாதிச் சிகிச்சையில் குழந்தையைத் தூக்கி வந்தால் முடிவு என்னவாகும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அத்தகப்பனாரின் கேள்வி அறியாமையில் பிறந்ததன்று. அது நேரான கேள்வி. நேரான விடை பெறுதற்குரியது. “டாக்டருக்குத் தெரியாதா உனக்குத் தெரியப் போகிறது?” என்று வாயடைப்பது விடையாகாது.

நோயின் இயல்பை முதலிற் சிறிது பார்ப்போம். எலும்பினுள்ளே இருக்கும் மஜ்ஜையில் இரத்த அணுக்கள் பிறக்கின்றன. லுக்கேமியா என்னும் இரத்தப் புற்றுநோயில், முதிராத வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமற் பெருகி, மற்ற அணுக்களுக்கு இடமில்லாமற் செய்துவிடுகின்றன. முன்னாளில் இந்நோய் கண்ட குழந்தை சில மாதங்களில் இறந்துவிடும். 1948-ஆம் ஆண்டில் போஸ்டன் நகரத்து டாக்டர் சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் என்னும் மருந்தால் 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் சிலகாலம் தணிந்ததை வெளியிட்டார். அம்மருந்து பிறந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஆந்திரரான எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பதை நம்மவரிற் பலர் அறியார். அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். அன்று சில மாதத் தணிவாக இருந்தது, இன்று பெரும்பாலார்க்குப் பூரண குணமாக வளர்ந்திருக்கிறது. மலேசிய, சிங்கப்பூர் டாக்டர்கள் ஒன்றுகூடி வகுத்த மா-ஸ்போர் என்னும் சிகிச்சை முறையில் 556 குழந்தைகளுக்கு வைத்தியம் செய்து 2012-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆறாண்டுகள் கழிந்தும் நூற்றுக்கு ஏறக்குறைய 80 குழந்தைகள் நோய் திரும்பாமல் இருந்தனர். ஆகவே, இந்நோய் கண்ட குழந்தை எப்படியும் போய்விடும் என்ற பழைய பேச்சை நம் தோட்டங்களில் இன்னும் பேசுவது பெருந்தவறு.

ஆனால் இவ்வெற்றிக்கு ஒரு விலையுண்டு. புற்றணுவைக் கொல்லும் மருந்து, உடலைக் காக்கும் நல்ல வெள்ளணுவையும் கொன்றுவிடுகிறது. நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில், அக்குழந்தை காவலற்ற வீடாகிறது. அப்பொழுதுதான் பூஞ்சணம் நுழைகிறது.

பூஞ்சணத்தை நம் நாட்டில் அறியாதார் யார்? புகையிற் சரியாகக் காயாத ரப்பர் ஷீட்டில் படர்வதும், மழைக்காலத்துச் சுவரிற் கறுப்பதும், மறந்து வைத்த சோற்றில் நரைப்பதும் அதுவே. ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் வகையின் நுண்வித்துக்களை நாம் ஒவ்வொருவரும் மூச்சுதோறும் உள்ளே இழுக்கிறோம். கேண்டிடா என்னும் வகை நம் குடலிலும் தோலிலும் குடியிருந்துகொண்டே இருக்கிறது. காவலணுக்கள் இருக்கும்வரை இவற்றால் நமக்கு ஒன்றும் நேர்வதில்லை. அவை அற்றுப்போன குழந்தைக்கோ, முன்னது நுரையீரலைத் துளைக்கிறது. பின்னது இரத்தத்திற் கலந்து கல்லீரல், மண்ணீரல், கண் என்று பரவுகிறது.

செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்ப்போருக்கு இதன் தன்மையை எளிதில் விளக்கலாம். கானோடெர்மா என்னும் காளான் மரத்தின் அடியில் தலைகாட்டும் நாளில், உட்தண்டு பெரும்பாலும் அழுகி முடிந்திருக்கும். கண்ணுக்குத் தெரிந்தபின் மரத்தைக் காப்பது அரிது. குழந்தையின் நுரையீரலிலும் ஏறக்குறைய இதே கதைதான். வெளியே தெரிவது ஒரு காய்ச்சல் மட்டும். அக்காய்ச்சலுக்கு நூறு காரணங்கள் இருக்கலாம்.

ருசு செய்தாலென்ன என்று கேட்கலாம். அங்கேதான் இடர்ப்பாடு. இரத்தத்தை எடுத்து வளர்த்துப் பார்க்கும் சோதனையில் கேண்டிடா பல சமயங்களில் அகப்படுவதில்லை. ஆஸ்பர்ஜில்லஸ் அகப்படுவது மிக அரிது. சி.டி. படத்தில் பெரியவர்களுக்குத் தெளிவாகக் காணும் அடையாளங்கள் சிறு குழந்தைகளிடம் அடிக்கடி காண்பதில்லை. ஐயமற அறிவதற்கு நுரையீரலிலிருந்து சிறிது சதையைக் கிள்ளி எடுத்துப் பார்க்க வேண்டும். இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் குறைந்து கிடக்கும் குழந்தையிடம் அதைச் செய்யப் போனால் இரத்தப் பெருக்கில் உயிருக்கே மோசம் வரலாம். ருசு தேடும் செயலே குழந்தைக்கு ஆபத்தாகிறது.

ஐரோப்பிய, அமெரிக்க நிபுணர்கள் கூடி 2002-இல் இந்நோயை மூன்று படியாக வகுத்தனர். ருசுவானது, பெரும்பாலும் உண்மையெனக் கொள்ளத்தக்கது, இருக்கக்கூடியது என்பன அவை. 2008-லும் 2020-லும் அவ்வகுப்பைத் திருத்தினர். நம்மை வியக்கவைப்பது மற்றொன்று. இவ்வகுப்பு ஆராய்ச்சிக் கணக்குகளை ஒப்பிடுவதற்கே யன்றி, படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு மருந்து கொடுப்பதா, நிறுத்துவதா என்று தீர்ப்பதற்கு அன்று என அவர்களே உரைத்திருக்கின்றனர். அறிவுக்கு வேண்டிய ருசு வேறு. செயலுக்கு வேண்டிய ருசு வேறு என்று சாஸ்திரிகளே ஒப்புக்கொள்கிறார்கள். தர்க்கம் படித்தோர் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

நியாய ஸ்தலம் ருசுவைக் கேட்பது ஏன்? ஆயிரம் குற்றவாளிகள் தப்பினாலும் ஒரு நிரபராதி தண்டிக்கப்படலாகாது என்கிறோம். அதாவது, நேரக்கூடிய இரண்டு பிழைகளில் ஒன்று மற்றதினும் பெரிதென்று முன்னரே எடைபோட்டு வைத்திருக்கிறோம். ருசு என்னும் விதி அந்த எடையிலிருந்து பிறந்தது, வானத்திலிருந்து விழவில்லை. படுக்கையருகே அத்தராசு மறுபுறம் சாய்கிறது. பூஞ்சணம் இல்லாத குழந்தைக்கு மருந்து கொடுத்தால் துன்பம் நேரும். பெரும்பாலும் அது ஆறிவிடும். பூஞ்சணம் உள்ள குழந்தைக்கு ருசு கிடைக்கும்வரை கொடாதிருந்தால் குழந்தையே போய்விடும். மேலும், கோர்ட்டில் வாய்தா வாங்கலாம். பூஞ்சணத்திடம் வாய்தா கேட்க முடியாது. “ஒன்றும் செய்யாமல் பொறுத்துப் பார்ப்போம்” என்பவர், தாம் ஒன்றும் செய்யவில்லை என்று நினைக்கிறார். உண்மையில் அவரும் ஒரு பக்கத்துக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார்.

இவ்வளவும் சொன்னபின், மருந்தின் கொடுமையை மறைப்பது நியாயமாகாது. பாக்டீரியா என்னும் கிருமி நமக்கு மிகத் தூரத்து உறவு. ஆகையால் நம்மைத் தொடாமல் அதை மட்டும் கொல்லும் மருந்துகள் பல கிடைத்தன. பூஞ்சணமோ, பார்வைக்குச் செடிகொடி போலத் தோன்றினும், உயிர்க்குல வரிசையில் விலங்குக்கே நெருங்கியது. பங்காளியை அடிக்க ஓங்கிய கோல் நம் வீட்டுக் கூரையிலும் இடிக்கிறது. வெனிசுவேலா நாட்டு ஓரினோகோ ஆற்றங்கரை மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1950-களின் நடுவில் எடுக்கப்பட்ட ஆம்ஃபோடெரிசின், பூஞ்சண அணுவின் உறையிலுள்ள கொழுப்பைப் பற்றி அவ்வுறையைத் துளைக்கிறது. நம் அணுக்களின் உறையிலும் அதற்கு இனமான கொழுப்பு உண்டு. ஆகையால் மருந்து ஏறும்போது குளிர்நடுக்கம், காய்ச்சல். நாட்செல்லச் சிறுநீரகக் கேடு. ஆங்கிலம் பேசும் ஆஸ்பத்திரிகளில் அதன் பெயரின் வாலில் ‘டெரிபிள்’ என்பதை ஒட்டி அழைத்தார்கள் என்றால், கூட இருந்து பார்த்தவர்கள் பட்ட பாடு விளங்கும். பின்னர் 1990-களில் அதே மருந்தைக் கொழுப்புத் துளிகளில் பொதிந்து சிறுநீரகத்துக்குச் சாதுவாக்கினர். காஸ்போஃபங்கின் முதலிய வேறினத்து மருந்துகளும் வந்தன. இவை பூஞ்சணத்தின் சுவரை இடிக்கின்றன. நம் அணுக்களுக்குச் சுவர் இல்லாமையால் நமக்குத் தீங்கு குறைவு.

இன்றைய சர்வதேச நெறி யாதெனில், காவலணுக்கள் அடியோடு குறைந்த, ஆபத்து மிகுந்த குழந்தைக்குக் காய்ச்சல் கண்டவுடன் பாக்டீரியாவுக்கு மருந்து தொடங்கவேண்டும். 96 மணி நேரம் கழிந்தும் காய்ச்சல் விடாவிட்டால், தேடிக்கொண்டே பூஞ்சண மருந்தையும் தொடங்கவேண்டும் என்பது. பூஞ்சணத்தைக் கண்டபின் அல்ல, கண்டுபிடிப்பதற்கு முன்னரே.

இங்கே ஒரு தடை எழும். நாம் எழுப்பாவிட்டாலும் வாசகர் எழுப்புவர். “ருசுவின்றி எதையும் நம்பாதே என்று ஊருக்கு உபதேசிக்கிறவர்கள், டாக்டர் ருசுவின்றிச் செய்தால் மட்டும் கைகட்டி நிற்பதேன்? எதற்கும் இருக்கட்டும் என்று கயிறு கட்டும் பாட்டிக்கும் அவருக்கும் என்ன பேதம்?”

பேதம் உண்டு. ஆனால் அது படிப்பிலும் இல்லை, வெள்ளைக் கோட்டிலும் இல்லை. கயிறு கட்டுபவர், எது நேர்ந்தால் கயிற்றை அறுப்பேன் என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. காய்ச்சல் விட்டால் கயிற்றுக்குப் புகழ். விடாவிட்டால் விதிக்குப் பழி. கயிறு ஒருநாளும் தோற்பதில்லை. சந்தேகத்தின் பேரில் மருந்து கொடுக்கும் டாக்டரோ, தொடங்கும்போதே நிறுத்தும் நிபந்தனையைச் சொல்லக் கடமைப்பட்டவர். படத்தில் ஒன்றும் காணாமல், சோதனைகளிலும் அகப்படாமல், காவலணுக்கள் மீண்டெழுந்து காய்ச்சலும் விட்டால் மருந்தை நிறுத்துவேன் என்று அவர் சொல்லவேண்டும். சிறுநீரகத்தின் நிலையை நாள்தோறும் அளந்து எழுதவேண்டும். தாம் நினைத்தது தவறென்று காட்டக்கூடிய சான்றைத் தாமே தேடவேண்டும். எல்லா டாக்டர்களும் இவ்வாறு செய்கிறார்கள் என்று நாம் சாதிக்க வரவில்லை. செய்யாதவர் கையில் அம்மருந்தும் ஒரு கயிறுதான். ஆகையால் சம்மதம் கேட்கப்படும் தாய்தந்தையர், “என்ன நோய்?” என்று கேட்டு விடை கிடைக்காமல் திகைப்பதைவிட, “எதைத் தேடுகிறீர்கள்? எந்த நாளில் மறுபடி பார்ப்பீர்கள்? எதைக் கண்டால் நிறுத்துவீர்கள்?” என்று கேட்பது நலம். நல்ல டாக்டர் இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்கமாட்டார்.

“பரீட்சை பார்க்கிறார்கள்” என்ற பழிக்கும் விடை கூறவேண்டும். ஆம், பார்த்தார்கள். 1982-இல் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்க் கழகத்து டாக்டர்கள் ஒரு பரீட்சையை வெளியிட்டனர். ஏழு நாள் மருந்துக்கும் காய்ச்சல் விடாத, குழந்தைகளும் இளைஞருமான 50 நோயாளரை மூன்று கூட்டமாகப் பிரித்தனர். ஒரு கூட்டத்துக்கு மருந்தை நிறுத்தினர். ஒன்றுக்கு அதையே தொடர்ந்தனர். ஒன்றுக்கு அதனோடு ஆம்ஃபோடெரிசினையும் சேர்த்தனர். நிறுத்திய கூட்டத்தார் மிகுந்த துன்பமடைந்தனர். தொடர்ந்தவர்களிடம் பூஞ்சணம் தலைகாட்டியது. சேர்த்துக் கொடுத்தவர்களிடம் அது குறைவு. 50 பேர் என்பது சிறிய கணக்கு. அதைக் கொண்டு பெரிய முடிவு கட்டலாகாது என்பது மெய்யே. துன்பமடைந்த கூட்டத்தை நினைக்குந்தோறும் நம் மனம் சங்கடப்படுகிறது என்பதும் மெய். எனினும் அதற்கு முன் நடந்ததென்ன? ஒவ்வொரு டாக்டரும் தம் மனம்போனபடி ஒருவருக்கு நிறுத்தினார், ஒருவருக்குத் தொடர்ந்தார். அதுவும் பரீட்சைதான், கணக்கு எழுதாத பரீட்சை. அதில் இறந்த குழந்தையால் அடுத்த குழந்தைக்கு ஒரு பயனும் இல்லை. பேரேடு இல்லாமல் பணம் கைமாறும் கடை எப்படிப்பட்டதென்று கணக்கு வேலை பார்ப்போர் அறிவர்.

அவ்வாறு கணக்கெழுதும் பழக்கமே சந்தேகத்தின் எல்லையையும் பின்னர்க் குறுக்கிற்று. சிலி நாட்டு ஆஸ்பத்திரிகளில் 149 குழந்தைகளை இரு கூட்டமாக்கி, ஒன்றுக்கு வழக்கம்போல் சந்தேகத்தின் பேரில் மருந்தளித்தனர். மற்றதில் இரத்தச் சோதனையும் படமும் எடுத்து, அடையாளம் கண்டவர்க்கு மட்டும் அளித்தனர். 2018-இல் வெளிவந்த முடிவில், இரண்டாவது கூட்டத்தில் பாதிக்கும் குறைவானவர்க்கே மருந்து தேவைப்பட்டது. அதனால் மரணம் மிகவில்லை. நேற்றைய அறம் இன்று சற்று மாறுகிறது. அறம் நிலையற்றது என்பது இதன் பொருளன்று. தராசில் இடும் பொருள் மாறினால் தட்டும் மாறும்.

மற்றொரு கணக்கு இன்னும் சங்கடமானது. நோய் வருமுன் காப்பதற்கு எம்மருந்து சிறந்தது என்று அறிய, மைலாய்ட் வகை இரத்தப் புற்றுநோய் கண்ட 517 குழந்தைகளையும் இளைஞரையும் வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரியதோர் ஆராய்ச்சி நடந்தது. பாதி வழியில் கணக்கைப் பார்த்த மேற்பார்வையாளர், இரு மருந்துக்கும் வேற்றுமை தெரியப்போவதில்லை என்று கருதியதால், புதியவர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. 2019-இல் முழுக்கணக்கும் வெளிவந்தபோது, காஸ்போஃபங்கின் பெற்றவர்களில் நூற்றுக்கு 3.1 பேருக்கும், ஃப்ளுகோனசோல் பெற்றவர்களில் 7.2 பேருக்கும் பூஞ்சண நோய் கண்டிருந்தது. நிறுத்தும் நிபந்தனையைப் போற்றினோமே, அதுவே தவறிப்போயிற்று! முன்கூட்டி விதி வகுத்தாலும் தவறலாம் என்பதை நாம் ஒளிக்கப் போவதில்லை. ஆனால் தவறு வெளிப்பட்டது எதனால்? நிறுத்தியபின்னும் ஏட்டை மூடாமல் எண்ணிக்கொண்டிருந்ததால்.

அப்படியானால் நல்ல மருந்தை எல்லாக் குழந்தைகளுக்கும் எப்பொழுதும் கொடுத்துவிட்டால் சந்தேகமே எழாதே என்று தோன்றலாம். இது ஆபத்தான எண்ணம். ஆஸ்பர்ஜில்லஸை வெல்வதில் சிறந்தது வோரிகோனசோல்; பெரியவர்களிடம் அது ஆம்ஃபோடெரிசினைவிட அதிக உயிர்களைக் காத்ததென்று 2002-இல் நிரூபித்தனர். ஆனால் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றியமையாத வின்கிரிஸ்டின் என்னும் மருந்தோடு அது சேர்ந்தால், வின்கிரிஸ்டினைக் கல்லீரல் கழிக்கும் வழியை அடைத்துவிடுகிறது. தேங்கிய மருந்து நரம்பைத் தாக்கும், குடல் நின்றுபோகும், வலிப்பும் வரும். மேலும், குழந்தையின் உடல் வோரிகோனசோலை விரைந்து கழித்துவிடுவதால், பெரியவர் அளவை எடைக்கேற்பக் குறைத்துக் கொடுத்தால் போதாது; எடைக்கணக்கில் கூடுதலாகக் கொடுத்து, இரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கவேண்டும். குழந்தை சிறிய பெரியவன் அல்லன். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்ற அன்பு இங்கே கொலையாகவும் முடியலாம்.

குழந்தைக்கும் சொல்லவேண்டுமா? ஏழெட்டு வயதுப் பிள்ளை ‘எனக்கு என்ன?’ என்று கேட்டால், ‘ஒன்றுமில்லை’ என்பது நம் வழக்கம். ஒன்றுமில்லாதவனுக்கு ஊசி எதற்கு என்று அவன் யோசிக்கமாட்டானா? குளிரும் நடுக்கமும் வரும், அப்பொழுது நர்ஸ் அருகில் இருப்பார், போய்விடும் என்று முன்னரே சொன்னால், நடுக்கம் வந்தபோது பயம் பாதியாகும். ‘பூஞ்சணம் இருக்கிறதா என்று தேடுகிறோம், கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாமென்று மருந்து கொடுக்கிறோம்’ என்பதும் அவ்வயதுக்கு விளங்காத வேதாந்தமன்று.

கடைசியாகக் காசுக் கணக்கு ஒன்று உண்டு. 1950-இல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு மாதர், ஒருவர் நியூயார்க்கிலும் ஒருவர் ஆல்பனியிலும் இருந்துகொண்டு, மண்ணைக் கண்ணாடிச் சாடிகளில் தபாலில் அனுப்பி ஆராய்ந்து, நிஸ்டாட்டின் என்னும் பூஞ்சண மருந்தை வெளியிட்டனர். அதனால் வந்த 1 கோடியே 30 இலட்சம் டாலரையும் ஆராய்ச்சிக்கே விட்டுவிட்டனர். அந்தக் காலம் வேறு. இன்று கொழுப்பில் பொதிந்த சாதுவான மருந்து விலையுயர்ந்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் பழைய மருந்து மலிவானது. சந்தேகத்தின் பேரில் கொடுப்பது அறமென்று ஒப்புக்கொண்டோமானால், நோயில்லாத பல குழந்தைகளும் மருந்து பெறுவர் என்பதையும் ஒப்புக்கொண்டோம். அப்பலருக்கும் எந்த மருந்து? பணமுள்ள நாட்டில் சந்தேகத்தின் விலையைப் பணம் கொடுக்கிறது. இல்லாத நாட்டில் குழந்தையின் சிறுநீரகம் கொடுக்கிறது. நம்மவரிடையே பிறப்புப் பதிவும் குடியுரிமையும் இல்லாத பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியிலும் அவர்களுக்கு அயல்நாட்டார் கட்டணம். பத்திரம் தேடி அலையும் தகப்பனாரிடம், நான்காம் நாளும் காய்ச்சல் விடவில்லை, இன்னின்ன மருந்து தொடங்கவேண்டும், இவ்வளவு ஆகும் என்று ஒரு காகிதத்தை நீட்டும்போது, அவர் சம்மதிக்கிறாரா என்று கேட்பதற்கு என்ன அர்த்தம் இருக்கிறது?